சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சைதான்

நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகையாகக் கிடைக்கிறது. சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு. ஆரஞ்சு மூடி போட்டது, 100 யூனிட் உள்ள குப்பிக்கு. மூடியைக் கழற்றிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்துப் போட்டுக்கொண்டால் உடம்புக்குள் போவது 50 யூனிட். தனியாக வசிக்கும் ஒரு முதியவருக்கு அப்படி ஒரே இரவு போதும், உயிருக்கு ஆபத்தாகிவிட. தலைகீழாக மாறினால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்காது, மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள்.

சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் சரியாகவே இருந்திருக்கும். கடைக்காரரும் கேட்டதைக் கொடுத்திருப்பார். குப்பியையும் சிரிஞ்சையும் மேசைமேல் வைத்து, "எங்கே, எனக்கு ஒருதரம் இழுத்துக் காட்டுங்கம்மா" என்று கேட்க ஆள் இல்லை. அப்படிக் கேட்க வேண்டியவர் பெரும்பாலும் செவிலியர்தான். அந்தக் கேள்வியையும் சிகிச்சையில் சேர்க்க வேண்டும் என்பதற்குச் செவிலியர் ஆய்வுகளில் பல்லாண்டுச் சான்று இருக்கிறது.

நீண்டகால நோயோடு வாழ்வதே ஓயாத உழைப்பு என்று 1980களில் எடுத்துச்சொன்னவர் அமெரிக்கச் செவிலியர் ஜூலியட் கோர்பின். சமூகவியலாளர் அன்செல்ம் ஸ்ட்ராஸுடன் சேர்ந்து, நோயாளிகள் தம் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மூன்று வேலைகள் தெரிந்தன. மாத்திரை, ஊசி, பரிசோதனை என நோய்க்கான வேலை ஒன்று. சமையல், பிள்ளைகள், வருமானம் என அன்றாட வேலை இன்னொன்று. மூன்றாவது, நோய் வந்தபின் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே புதிதாக ஒரு முடிவுக்கு வருவது. மருத்துவமனை முதல் வேலையை மட்டும் பார்த்துவிட்டு, "ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை?" என்று அதட்டுகிறது. காலையில் சோறு பொங்க நேரமில்லாமல் களையெடுக்கக் கிளம்பும் பெண், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் மயக்கம் வரும் என்று பயந்து அதை விட்டுவிடுகிறார். அவர் பயம் நியாயமானது. சாப்பாட்டு நேரத்தைக் கேட்டிருந்தால் மாத்திரையின் நேரத்தையோ வகையையோ மாற்றியிருக்கலாம்.

கேட்பதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் எவ்வளவு நேரம் வேண்டும்? 2002இல் சூசன் நோரிஸும் சக ஆய்வாளர்களும் நீரிழிவு பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சுயபராமரிப்புப் பயிற்சி பெற்றவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, மற்றவர்களைவிட 0.76 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. பயிற்சி முடிந்து சில மாதங்களில் அந்தப் பலன் 0.26ஆகச் சுருங்கிவிட்டது. ஒரு முழுப் புள்ளி குறைய ஏறத்தாழ 24 மணி நேரம் நோயாளியோடு செலவிட வேண்டியிருந்தது. ஒரு முழுப் புள்ளி என்பது ஒரு நல்ல மாத்திரை குறைக்கும் அளவு. நோய் தெரிந்த அன்று ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்புவது ஏன் போதாது என்பதற்கு இந்த எண்களைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுப்பதையும் மருந்தைப் போல விடாமல் தொடர வேண்டும்.

கண் பார்த்தால் போதாது, கை தொட்டால்தான் தெரியும் என்ற விஷயங்களும் உண்டு. வலிக்காத இடம் என்று வயிற்றில் ஒரே இடத்தில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு கட்டியாகும். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் தேங்கி நிற்கும். செவிலியர் விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அடுத்தடுத்த ஊசிக்கு ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு திடீரென்று அதிகமாகிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், அல்லது அளக்க வழியில்லாமல் வியர்வையும் நடுக்கமும் வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

பிறகு கால். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் செய்யலாம். உணர்ச்சி போன காலில் செருப்புக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது, கோயில் பிராகாரத்துச் சூடும் தெரியாது. சென்னை ராயபுரத்திலிருந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பாதப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தபின் அதைக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண் நன்றாக ஆறியதைக் காட்டியது. இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பது, மிருதுவான எம்.சி.ஆர். செருப்பு போடுவது, ஆணிக்காலை பிளேடால் சீவாமல் இருப்பது: விரல் போகாமல் காப்பவை இவைதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏனென்றால் அது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் நோயாளர் கல்வியும் ஒன்று. நோயைப் பற்றிப் புரியும் மொழியில் தெரிந்துகொள்வதும், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும், மருந்தை விரும்பிய கடையில் வாங்குவதும் அதில் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் இதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. சாசனம் தனிச் சட்டமாகவில்லை என்பது பெருங்குறை. ஆனால் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002 முதலே மருத்துவர்களுக்கான விதி. மருத்துவரையோ ஊரையோ மாற்றும்போது அந்தத் தாள்கள் கையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இது பெரிய காரியம். வாசலுக்கு வரும் தன்னார்வலரிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். காலில் புண், அடிக்கடி மயக்கம், மாத்திரை ஒத்துக்கொள்ளாதது எதுவானாலும் சொல்லுங்கள். செவிலியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அரசும் ஒன்றைச் செய்ய வேண்டும். எத்தனை அட்டை மாத்திரை கொடுத்தோம் என்று கணக்கெடுப்பதோடு, எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தோம் என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். புற நோயாளி வரிசையை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் செவிலியரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்கு நேரத்தையும் கூடுதல் கைகளையும் தர வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் விளம்பரம் பேசுகிறது. 'சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு, இன்சுலினை இன்றே நிறுத்துங்கள்' என்று கைப்பேசியில் வரும் காணொளிகளை நம்பி ஊசியை நிறுத்தியவர்கள், குறிப்பாக முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள், சில நாட்களிலேயே உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகக்கூடும். நீரிழிவைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் தடைசெய்கிறது. விளம்பரத்தைப் படமெடுத்து, பொட்டலத்தின் மேலட்டையோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதும் மருந்துச் சீட்டும் இல்லாமல் அங்கே வழக்கு நிற்பது கடினம்; கடையில் பில் கேட்டு வாங்குங்கள்.