புளிக்கு ஒரு வேலை, சோடாவுக்கு ஒரு வேலை!

பித்தளைக் குத்துவிளக்கு கறுத்துக் கிடக்கிறது. எதைப் போட்டுத் துலக்குவீர்கள்?

“இது ஒரு கேள்வியா? புளிதான்!” என்பீர்கள்.

சரி. அப்பளம் பொரித்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியை? “புளியா? சேச்சே! சாம்பல் போடுவோம். இல்லாவிட்டால் சோப்புத் தூள்.”

இதுவும் சரிதான். ஆனால் விளக்குக்குப் புளி ஏன், வாணலிக்குச் சாம்பல் ஏன் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர், “எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார்கள்” என்றுதான் சொல்வார்கள். அம்மா செய்தது சரியே. காரணமும் தெரிந்துவிட்டால், பத்து ரூபாய்ச் சாமானில் முடிகிற வேலைக்கு நூறு ரூபாய்ப் புட்டி வாங்க வேண்டியதில்லை. அது மட்டுமல்ல, வீட்டில் ஒரு விபரீதம் நடக்காமலும் இருக்கும். அந்த விபரீதத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டே கட்சி

வீட்டில் அழுக்குப் போக்க நாம் எடுக்கும் சரக்குகளில் முக்கால்வாசி இரண்டே கட்சியைச் சேர்ந்தவை. ஒன்று புளிப்புக் கட்சி. புளி, எலுமிச்சம்பழம், புளித்த மோர், காடி இவையெல்லாம் அதில் அடக்கம். கழிப்பறைக்கு ஊற்றும் திராவகமும் அந்தக் கட்சியின் முரட்டு ஆள்தான். மற்றொன்று காரக் கட்சி. மிளகாய்க் காரம் அல்ல. சாம்பல், ஆப்ப சோடா, சலவைச் சோடா, சுண்ணாம்பு, சவர்க்காரம் ஆகியவற்றின் காரம்.

உலோகத்தின் மேல் படியும் கறுப்பு, பச்சைக் களிம்பு, குழாயிலும் வாளியிலும் உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவம் இவற்றைப் புளிப்புக் கரைக்கும். எண்ணெய், நெய், உடம்புப் பிசுக்கு இவற்றைக் காரம் கரைக்கும். ஆளை மாற்றி அனுப்பினால் வேலை நடக்காது. எண்ணெய்ச் சட்டியில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் கைதான் வலிக்கும்.

அத்தை வைத்த வரிசை

என் அத்தை விளக்குத் துலக்குவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் மாலை கிணற்றடியில் உட்கார்ந்துகொள்வார். பழம்புளியை உப்புக் கல்லோடு பிசைந்து விளக்கு முழுவதும் அப்பி, கொஞ்ச நேரம் விட்டுவிடுவார். பிறகு தேங்காய் நாரால் தேய்ப்பார். பளபளவென்று வந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, மறுபடி சாம்பலைப் போட்டு ஒரு தேய்ப்பு. மீண்டும் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுவார்.

“பளிச்சென்று ஆகிவிட்டதே அத்தை, எதற்கு மறுபடி சாம்பல்?” என்று ஒரு முறை கேட்டேன்.

“புளியோடு விட்டால் விடிவதற்குள் பச்சை பூத்துவிடும், போடா!” என்றார்.

அத்தை படித்தது நான்காம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னது ரசாயனப் பாடம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைக்கிறது. உப்பு அதற்குத் துணை நிற்கிறது. இரண்டும் இடுக்கில் கொஞ்சம் தங்கிவிட்டால், கறுப்பைத் தின்றது போலப் பித்தளையிலுள்ள செம்பையும் தின்னத் தொடங்கும். அதுதான் பச்சைக் களிம்பு. சாம்பலின் காரம் மிச்சமிருக்கும் புளிப்பை முறித்துவிடுகிறது. புளி முதலில், சாம்பல் பிறகு, நடுவே தண்ணீர். இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிமார் கண்டித்ததும் இதனால்தான். விளக்கைத் துலக்குகிற புளி, பாத்திரத்தையும் துலக்கிச் செம்பைக் குழம்பில் இறக்கிவிடும். அதைச் சாப்பிட்டால் குமட்டலும் வாந்தியும் வரும்.

அலுமினியத்திற்குச் சோடா ஆகாது

எல்லாப் பாத்திரத்திற்கும் ஒரே மருந்து கிடையாது. அலுமினியத்திற்குச் சலவைச் சோடா பரம விரோதி. அடி பிடித்ததே என்று சோடாவைப் போட்டுக் கொதிக்க வைத்தால், பாத்திரமே அரித்துக் கறுத்துப் போகும். அலுமினியத்தில் அடி பிடித்தால் புளித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். எவர்சில்வர் என்றால் தாராளமாக ஆப்ப சோடா போட்டுக் கொதிக்க வைக்கலாம். கருகல் ஊறி உரிந்து வரும். ஆனால் எவர்சில்வரை இரும்பு நாரால் பிறாண்டாதீர்கள். நாரின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப் புள்ளி காணும்.

அலுமினியக் குக்கரின் உட்புறம் கறுக்கிறதா? அடியில் ஊற்றும் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சம்பழத் தோலையோ, புளி எடுத்த சக்கையையோ போட்டுவிடுங்கள். கறுக்காது. குப்பைக்குப் போகிற பொருள் அரை மணித் தேய்ப்பை மிச்சப்படுத்துகிறது.

வெள்ளிக்கு விபூதி போட்டுத் தேய்ப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் தேய்க்கத் தேய்க்க வெள்ளி இம்மியளவாவது குறையும். இன்னொரு வழி இருக்கிறது. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளை ஒரு கிண்ணத்தின் அடியில் விரித்து, வெள்ளிச் சாமானை அதன் மேல் படும்படி வைத்து, இரண்டு கரண்டி ஆப்ப சோடாவும் கொதி நீரும் விடுங்கள். சில நிமிஷத்தில் கறுப்பு மறையும். கொஞ்சம் அழுகின முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். கறுப்பு என்பது கந்தகம் ஏறிய வெள்ளி. கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சுகிறது. கல், முத்துப் பதித்த நகைகளுக்கு மட்டும் இது வேண்டாம். வேலைப்பாட்டிற்காக வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய சாமானுக்கும் வேண்டாம், அழகு போய்விடும்.

மஞ்சள் சிவக்கும் மாயம்

கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டால், ஐயோ, மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகி நிற்கிறது! “சோப்பு கெட்டது” என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். கடைக்காரர் பாவம்!

மஞ்சளின் சாயம் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்து ஆரத்தி எடுக்கிறோமே, அது சிவப்பது எப்படி? அதே வித்தைதான் வேட்டியிலும் நடக்கிறது. நன்றாக அலசுங்கள், அல்லது ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள். மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளைப் போக்குவது சோப்பு அல்ல, சூரியன்! துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். கறை வெளுத்து ஓடிவிடும். நிழலில் கொடி கட்டினால் ஓடாது. அடுக்கு மாடி வீடுகளில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மொட்டை மாடிச் சாவியை வாங்குங்கள்!

வேறு கறைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ரத்தம், பால், முட்டை இவற்றைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி கறையும் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சட்டையில் பந்துமுனைப் பேனாவின் மை பட்டால், கை துடைக்க வைத்திருக்கும் சானிடைசரை நனைத்து, அடியில் பழந்துணி வைத்து ஒற்றி எடுங்கள். அதிலுள்ள சாராய சத்து மையைக் கரைக்கும். வாழைக்கறைக்கு மட்டும் நல்ல மருந்து நான் கண்டதில்லை. வாழைப்பூ ஆய்வதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், நல்ல சேலையை மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

கண்ணாடி துடைக்கப் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி லேசாக நனைத்துத் தேய்க்கலாம். இந்தத் தாளையும் எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் படித்த பிறகு!

பொங்கி வழியும் வித்தை

இப்போது கைப்பேசியில் ஒரு வித்தை காட்டுகிறார்கள். ஆப்ப சோடாவைக் கொட்டி, அதன் மேல் காடியையோ எலுமிச்சம்பழச் சாற்றையோ ஊற்றுகிறார்கள். நுரை குபுகுபுவென்று பொங்குகிறது. “எல்லா அழுக்கும் போயே போச்சு!” என்கிறார்கள்.

பார்க்க வேடிக்கைதான். ஆனால் அத்தையின் வரிசையை நினைத்துப் பாருங்கள். புளிப்பும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். நுரைக்கிற நேரத்தில் அழுக்கு கொஞ்சம் அசைந்து கொடுக்கலாம். அதற்கு மேல் பலன் இல்லை. தனித்தனியே போட்டிருந்தால் இரண்டும் வேலை செய்திருக்கும்.

இதில் காசு நஷ்டம்தான், உயிருக்குப் பயமில்லை. ஆனால் “இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புச் சுத்தம்” என்ற எண்ணம் மனசில் ஊறிவிடுகிறதே, அதுதான் ஆபத்து.

அன்று குளியலறையில்

2019ஆம் ஆண்டு. போகிக்கு இரண்டு நாள் முன்பு. அதே அத்தையின் வீடு. வெள்ளையடித்து, பரண் ஒழித்து, வீடு முழுக்க வேலை. குளியலறைத் தரையில் பாசி வழுக்குகிறதே என்று அத்தை பிளீச்சிங் பவுடரைத் தண்ணீர் விட்டுத் தூவி ஊற வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார். மருமகளுக்கு அது தெரியாது. மாமியாருக்குச் சிரமம் வேண்டாம் என்று அவளே குளியலறைக்குள் போய், மஞ்சள் கறை படிந்த தரையில் திராவகத்தை ஊற்றி, குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். சுவர் ஈரம் தெறிக்கிறதே என்று கதவையும் சாத்திக்கொண்டாள்.

அரை நிமிஷம் ஆகியிருக்காது. உள்ளே இருமல் சத்தம். பிறகு கதவு திறந்தது. வெளியே வந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்து ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். பிழைத்தாள். ஆனால் பல நாள் மாடிப்படி ஏறினால் இளைத்தது.

பிளீச்சிங் பவுடரில் அடைபட்டிருக்கும் குளோரினைத் திராவகம் விடுவித்துவிடுகிறது. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் ஏவிவிட்டதே, அதே வாயு! காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு படிந்து நிற்கும். குனிந்து தேய்க்கிறவரின் மூக்கைத்தான் முதலில் தேடிப் போகும். கதவு சாத்திய சின்ன அறை என்றால் கேட்க வேண்டுமா?

திராவகம்தான் என்றில்லை. காடியும் எலுமிச்சம்பழச் சாறும்கூடப் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா உண்டு. அதுவும் பிளீச்சிங் சரக்கும் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு கிளம்பும். ஒன்றைப் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு முழுவதும் கழுவிவிட்டு, மற்றதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும்.

அப்படியும் நெடி வந்துவிட்டால், உடனே வெளியே வந்துவிட வேண்டும். “தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்” என்று திரும்ப நுழையக் கூடாது. கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் 108க்குச் சொல்லுங்கள். இருமல் அடங்கிவிட்டதே என்று சும்மா இருக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

எந்தப் புட்டியில் என்ன?

இன்னொரு சங்கதி. அந்தத் திராவகம் தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியது. பழைய குடிதண்ணீர்ப் புட்டியில் ஊற்றிக் கொடுத்திருந்தார். மேலே பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை. குழந்தை கையில் கிடைத்தால் என்ன ஆகும்? சோடாப் புட்டியில் வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்த பிள்ளைகளின் கதை அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் உண்டு. மண்ணெண்ணெய் அடுப்பு போய்விட்டது. புட்டி மட்டும் போகவில்லை. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திராவகம் ஏறி வரும்போது தொண்டையை இரண்டாம் முறை பொசுக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலில் இறங்கிவிடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் வந்த அன்றைக்கே அத்தை பரணில் இரண்டு இடம் ஒதுக்கினார். திராவகப் புட்டியின் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டி ஒரு மூலையில் வைத்தார். பிளீச்சிங் பவுடர் டப்பா நேர் எதிர் மூலைக்குப் போயிற்று. குளியலறை கழுவுகிற முறை வந்தால், “இன்றைக்கு நான் பவுடர் போடுகிறேன்” என்று மாமியார் கூடத்திலிருந்தே குரல் கொடுக்கிறார். “சரி அத்தை, நான் உள்ளே வரவில்லை” என்று மருமகள் பதில் சொன்ன பிறகுதான் டப்பா திறக்கிறது.