தொலைந்த ஃபிரேம் எங்கே?

பென்னலூர் நெடுஞ்சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியை டிஜிட்டல் சினிமாக் காமிராவில் படம்பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 ஃபிரேம்கள் வீதம், ஃபிரேமுக்கு ஃபிரேம் லாரி 83 சென்டிமீட்டர் நகரும். நடுவில் ஒன்று பதிவாகாவிட்டால் அது இருமடங்கு தாவிவிடும். கண் இதை உடனே கண்டுகொள்ளும்!

2004-இல் 'வானம் வசப்படும்' டிஜிட்டல் முறையில் எடுக்கப்பட்டது. அதன்பின் தமிழ்ப் படங்கள் படிப்படியாகப் படச்சுருளைக் கைவிட்டன. சுருளில் ஒளி பட்டாலே பதிவு முடிந்தது. இங்கோ ஒவ்வொரு ஃபிரேமையும் அட்டையில் எழுதியாக வேண்டும். 1920 × 1080 புள்ளிகளை 12 பிட்டில் சுருக்காமல் எழுதினால் நொடிக்குச் சுமார் 75 மெகாபைட். அட்டை 60 மட்டுமே எழுதுமானால் மீதி 15 எங்கே போகும்? காமிராவின் தற்காலிக நினைவகத்தில், அடைத்த தொட்டியில் நீர்போல, ஏறும். தொட்டி 300 மெகாபைட் என்றால் 20 நொடியில் நிரம்பிவிடும். பிறகே இழப்பு தொடங்கும். ஆகவே பத்து நொடிச் சோதனையை நம்பாதீர்கள்.

தாவல் தெரிந்ததும் காமிராவைக் குறை சொல்லவும் வேண்டாம். திணறுவது உங்கள் கணினியாகவும் இருக்கலாம். திரும்ப ஓட்டும்போது தாவல் இடம் மாறினால் குற்றம் கணினியுடையது. ஒரே இடத்தில் வந்தால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, லாரி கடந்த தூரத்தை அளந்து பாருங்கள். எப்போதும் சில நொடிகள் கழித்தே இழப்பு தொடங்கினால் வேகமான அட்டையை மாற்றுங்கள். அல்லது சுருக்கப் பதிவுக்கு மாறுங்கள்.

போன ஃபிரேமை மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து வரையும். ஆனால் சுழலும் சக்கரத்தில் பெரும்பாலும் குழம்பிவிடும்.