வெள்ளரிக்காய் மேல விழுந்த பழி: 2011-ல ஜெர்மனி கத்துக்கிட்ட பாடம்

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.)

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க ஆபீஸ் சிஸ்டம் படுத்துடுச்சு. அன்னைக்கு ஆன்-கால் நான்தான். லாக்ல முதல்ல கண்ணுல பட்டது இன்னொரு டீமோட சர்வீஸ்ல ஒரு எரர். உடனே குரூப்ல "பிரச்சினை அங்கதான்"னு போட்டுட்டேன். அந்த டீம்ல ரெண்டு பேர் தூக்கத்துலேர்ந்து எழுந்து மூணு மணி நேரம் தேடினாங்க. கடைசில பார்த்தா, தப்பு நாங்க மாத்தின ஒரு கான்ஃபிக் ஃபைல்ல. அவங்க பக்கம் எரர் இருந்தது உண்மை. ஆனா சிஸ்டம் விழுந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் மன்னிப்பு கேட்டேன், முடிஞ்சுது. ஆனா இதே தப்பு உணவு விஷயத்துல, ஒரு கண்டம் முழுக்க நடந்தா என்ன ஆகும்? 2011-ல நடந்துச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

2011 மே மாசம், வட ஜெர்மனி. ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பேதியோட ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. நிறைய பேருக்கு சிறுநீரகமே செயலிழந்தது. இந்த மாதிரி பாதிப்பு வழக்கமா குழந்தைங்களுக்குத்தான் அதிகம் வரும். இங்க பெரும்பாலும் பெரியவங்க, அதுலயும் பெண்கள் அதிகம். காரணம் ஈ.கோலை பாக்டீரியாவுல O104:H4-ன்னு ஒரு அரிய வகை. எல்லாம் அடங்கினப்போ, பாதிக்கப்பட்டவங்க கிட்டத்தட்ட 3,800 பேர். இறந்தவங்க 50 பேருக்கு மேல.

எந்த உணவுலேர்ந்து வந்துச்சு? நோயாளிகளைக் கேட்டாங்க. தக்காளி, வெள்ளரிக்காய், லெட்டூஸ்னு பதில் வந்துச்சு. இதையெல்லாம் பச்சையா சாப்பிட வேண்டாம்னு ஜெர்மனியோட பொது சுகாதார நிறுவனமான ராபர்ட் கோக் இன்ஸ்டிட்யூட் எச்சரிக்கை விட்டுச்சு. மே 26-ம் தேதி ஹாம்பர்க் அதிகாரிகள் ஒரு படி மேல போய், ஸ்பெயின்லேர்ந்து வந்த வெள்ளரிக்காய்ல கிருமி இருக்குன்னு அறிவிச்சாங்க.

இங்கதான் நெட்வொர்க் உள்ள வருது. ஐரோப்பாவுல ராஸ்ஃப்னு (RASFF இல்லைன்னா எழுத்தெழுத்தா ஆர்-ஏ-எஸ்-எஃப்-எஃப்) ஒரு எச்சரிக்கை அமைப்பு 1979-லேர்ந்து இருக்கு. ஒரு நாட்டுல ஆபத்தான உணவு பிடிபட்டா, அந்தத் தகவல் மத்த உறுப்பு நாடுகளுக்கும் உடனே போயிடும். வெள்ளரிக்காய் தகவலும் அப்படித்தான் வேகமாப் பரவுச்சு. கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. சில நாட்கள்லயே ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தோட காய்கறி எல்லாத்துக்கும் தடை போட்டுச்சு. ஸ்பெயின் விவசாயிங்க நல்ல காயைக் குப்பையில கொட்டினாங்க.

மே 31 வாக்குல லேப் முடிவு வந்துச்சு. அந்த வெள்ளரிக்காய்ல ஈ.கோலை இருந்தது உண்மை. ஆனா அது வேற வகை. நோயாளிகள்கிட்ட இருந்த O104 இல்லை. என் கதையில அந்த டீமோட எரர் மாதிரியேதான்.

அப்போ உண்மையான காரணம் எப்படிக் கிடைச்சுது? அதுக்கு ஒருத்தர் இல்லை, பல பேரோட அறிவு தேவைப்பட்டுச்சு.

முதல்ல லேப் ஆட்கள். மியூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வகம் பல வருஷமா இந்த வகைக் கிருமிகளைச் சேகரிச்சு வச்சிருந்துச்சு. 2001-ல எடுத்த ஒரு மாதிரியோட ஒப்பிட்டு, இது எந்த வகைன்னு அவங்களால சீக்கிரமாச் சொல்ல முடிஞ்சுது. பழைய பதிவு இல்லைன்னா ஒப்பிடவே எதுவும் இருந்திருக்காது.

அடுத்தது நம்ம ஏரியா. ஹாம்பர்க் மருத்துவமனை அனுப்பின மாதிரியை சீனாவுல பிஜிஐ நிறுவனம் சீக்வென்ஸ் பண்ணி, ஜூன் 2-ம் தேதி டேட்டாவை எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. ஒரு நாளுக்குள்ள ஒருத்தர் அதை அசெம்பிள் பண்ணினார். பல நாட்டு விஞ்ஞானிங்க கிட்ஹப்ல ஒரு பொது ரெப்போ வச்சு சேர்ந்து அலசினாங்க. பேப்பர் வெளிவர மாசக்கணக்கா காத்திருக்கலை. ஆனா ஒண்ணு: ஜீனோம் கிருமியோட குணத்தைச் சொல்லும். அது எந்தத் தட்டுலேர்ந்து வந்துச்சுன்னு அதால மட்டும் சொல்ல முடியாது.

அதைச் சொன்னது சமையல்காரங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. நோயாளிங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் முளைப்பயறு சாப்பிட்டது ஞாபகம் இருந்துச்சு. சாலட் மேல அலங்காரத்துக்குத் தூவின நாலு முளையை யார் ஞாபகம் வச்சிருப்பாங்க? அதனால ஆய்வாளர்கள் கேள்வியை மாத்தினாங்க. "என்ன பொருள் சாப்பிட்டீங்க"ன்னு கேட்கலை, "என்ன டிஷ் ஆர்டர் பண்ணினீங்க"ன்னு கேட்டாங்க. ஒரே ஹோட்டல்ல குழுவா சாப்பிட்டவங்களைப் பிடிச்சாங்க. பில் பார்த்தாங்க, எடுத்த போட்டோவைப் பார்த்தாங்க. அப்புறம் கிச்சனுக்குப் போய், அந்த டிஷ்ல என்னென்ன போட்டீங்கன்னு சமையல்காரரைக் கேட்டாங்க. முளை போட்ட டிஷ் சாப்பிட்டவங்களுக்குத்தான் நோய் பல மடங்கு அதிகம்னு தெரிஞ்சுது.

அதே சமயம் இன்னொரு குழு டெலிவரி சீட்டுகளைப் பின்தொடர்ந்தது. யார் யாருக்கு என்ன சரக்கு எப்போ வித்தாங்கன்னு பார்த்தப்போ, 41 நோய்க் கூட்டங்களும் லோயர் சாக்ஸனியில ஒரே ஒரு முளைப்பயறு பண்ணையில போய் முடிஞ்சுது. ஜூன் 10-ம் தேதி அரசு அறிவிச்சுது: காரணம் முளைகள். வெள்ளரி, தக்காளி, லெட்டூஸ் மேல இருந்த எச்சரிக்கை விலகுச்சு.

அதோட முடியலை. ஜூன்ல பிரான்ஸ்ல, போர்தோ நகரம் பக்கத்துல அதே கிருமி. அங்க அந்த ஜெர்மன் பண்ணையோட முளை எதுவும் போகலை. கடையில வாங்கின சின்னப் பாக்கெட் விதையை அவங்களே முளைகட்டிப் பரிமாறியிருந்தாங்க. ரெண்டு நாட்டு ஆவணங்களையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பக்கத்துல பக்கத்துல வச்சப்போ, பொதுவா இருந்தது ஒரே பொருள்: எகிப்துலேர்ந்து வந்த வெந்தய விதை. 2009-ல இறக்குமதியான ஒரே லாட்தான் ரெண்டுக்கும் மூலமா இருக்க ரொம்ப வாய்ப்புன்னு 2011 ஜூலை 5-ம் தேதி அறிக்கை வந்துச்சு.

கவனிங்க, விதையில அந்தக் கிருமியை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. எகிப்தும் இதை மறுத்துச்சு. டாக்டர், லேப், சமையல்காரர், வியாபாரியோட சீட்டு, எல்லாம் ஒரே இடத்தைக் காட்டினதுதான் ஆதாரம். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு துண்டுதான் இருந்துச்சு. டாக்டருக்குப் பண்ணை தெரியாது. பண்ணைக்காரருக்கு நோயாளி தெரியாது. இந்தத் துண்டுகளைச் சேர்க்கிற பாதைதான் நெட்வொர்க். உலக அளவுல இதே வேலைக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2004-ல இன்ஃபோசான்னு ஒண்ணு தொடங்கினாங்க. ஒவ்வொரு நாட்டுலயும் அவசரத்துல கூப்பிட ஒரு தொடர்பு ஆள் இருக்கணும்ங்கறதுதான் அதோட அடிப்படை.

சரி, ஹாம்பர்க் அதிகாரிங்க பண்ணினது தப்பா? நானும் ரொம்ப யோசிச்சேன். ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்க, கையில ஒரு பாசிட்டிவ் ரிசல்ட் இருக்கு. சொல்லாம இருந்து அதுவே காரணமா இருந்திருந்தா? அதனால "உறுதியாகுற வரைக்கும் வாயைத் திறக்காதே"ங்கறது பாடம் இல்லை. என்ன பார்த்தோம், எது இன்னும் உறுதியாகலை, அடுத்த முடிவு எப்போ வரும்னு மூணையும் சேர்த்துச் சொல்றதுதான் பாடம். நெட்வொர்க் சரியான தகவலை எவ்வளவு வேகமாக் கடத்துமோ, தப்பான தகவலையும் அதே வேகத்துல கடத்தும். ஜெர்மனி இன்னொண்ணும் கத்துக்கிச்சு. உள்ளூர் சுகாதார அலுவலகத்துலேர்ந்து மேல தகவல் போக அப்போ ரொம்ப நாள் ஆச்சு. 2013-ல சட்டத்தைத் திருத்தி அந்த நேரத்தைக் குறைச்சாங்க.

நமக்கு என்ன? முளைப்பயறு நம்ம வீட்டுலயும் உண்டு. முளைகட்ட ஈரமும் கதகதப்பும் வேணும். கிருமி பெருகுறதுக்கும் அதேதான் வேணும். அதனால ஆவியில வேக வச்சு சாப்பிடுங்க, குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாக் கொடுக்காதீங்க. வெளில சாப்பிட்டு உடம்பு சரியில்லாமப் போனா, டாக்டர்கிட்ட எங்க, எப்போ, எந்த டிஷ்னு சொல்லுங்க. பில்லும் போட்டோவும் போன்ல இருக்கும், அழிக்காதீங்க. பாக்கெட்ல இருக்கற பேட்ச் நம்பரைக் கிழிச்சுப் போடாதீங்க. அந்த நம்பர் இல்லாம லாட்டைப் பின்தொடர முடியாது.

என் விஷயத்துக்கு வரேன். இப்போ ஆன்-கால்ல குரூப்ல எழுதுறப்போ, "பிரச்சினை அங்கதான்"னு போடறதில்லை. "இந்த எரரைப் பார்க்கிறேன், இதுதான் காரணமான்னு இன்னும் தெரியலை, பத்து நிமிஷத்துல சொல்றேன்"னு போடறேன். ரெண்டு வரி கூடுதல். அந்த டீம்ல ரெண்டு பேர் நிம்மதியாத் தூங்குறாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.