மரவீட்டின் அடக்க விலை



நம் உறுப்பினர்கள் பலரின் இல்லங்களில் இன்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மகளோ நகருக்கு வெளியே தனி வீடு வாங்க விரும்புகிறார்கள். முன்பணத்திற்கு ஊரிலுள்ள மனையையோ கிடங்கையோ விற்று அனுப்பலாமா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவதற்கில்லை. ஆனால் கணக்குப் போடும் முறை நமக்குத் தெரியும். சரக்கின் கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. லாரி வாடகை, கூலி, வட்டி, எடைக் குறைவு அனைத்தும் சேர்ந்த பிறகே அடக்கம் தெரியும். அந்த முறையிலேயே இந்த வீட்டையும் பார்ப்போம்.

வீட்டின் அமைப்பு

அங்கே புறநகர் வீடு பெரும்பாலும் மரத்தால் ஆனது. இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டங்களை ஆணியடித்து நிறுத்தி, வெளியே ஒட்டுப்பலகையும் உள்ளே ஜிப்சம் பலகையும் அறைந்து, இடையில் குளிர் தாங்கும் பஞ்சை அடைக்கிறார்கள். இம்முறை 1830களில் சிகாகோ பக்கம் தோன்றிப் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த இடத்தில் லெவிட்டவுன் எழுந்தது. 1947 முதல் 1951 வரை அங்கு 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. சாலை நீள நீள, வீடுகளும் நகரை விட்டுத் தள்ளிச் சென்றன.

வட்டியும் பிற செலவுகளும்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வீட்டின் விலை 3,75,000 டாலர். முன்பணம் 75,000. மீதி 3,00,000 டாலருக்கு 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன். மாதத் தவணை சுமார் 1,799 டாலர். முதல் தவணையில் 1,500 டாலர் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 299 டாலர்தான். பத்து ஆண்டுகளில் கட்டிய தொகை ஏறக்குறைய 2,15,800 டாலராக இருக்க, அசலில் குறைந்திருப்பது 49,000 டாலருக்கும் சற்றுக் குறைவு. முப்பது ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 3,47,500 டாலர்.

வீட்டு வரி இடத்திற்கு இடம் மாறும். ஆண்டுக்கு விலையில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 5,625 டாலர். பராமரிப்புக்கு விலையில் ஒரு சதவீதம் ஒதுக்குவது அங்குள்ள வழக்கம்; அது 3,750. காப்பீடு 2,500 என்று கொள்வோம். இம்மூன்றும் 30 ஆண்டுகளில், விலைவாசி உயர்வைச் சேர்க்காமலே, 3,56,250 டாலர். முன்பணம், தவணை எல்லாம் கூட்டினால் 10,78,000 டாலரைத் தாண்டுகிறது. சொன்ன விலையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

பராமரிப்பை வீண் செலவு என்று தள்ளிவிடக் கூடாது. மரத்திற்கு ஈரமும் கரையானும் பகை. தார் ஓடுகளால் வேய்ந்த கூரையைச் சுமார் இருபது ஆண்டுகளில் மாற்ற நேரிடும். அமெரிக்க வரிச் சட்டமே வாடகைக்கு விட்ட குடியிருப்புக் கட்டடத்திற்கு 27½ ஆண்டுத் தேய்மானம் அனுமதிக்கிறது. நிலத்திற்குத் தேய்மானம் கிடையாது. விலை ஏறினால் ஏறுவது மண், தேய்வது மரம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

தூரத்தின் விலை

விலைப்பட்டியலில் வராத பெரிய செலவு தூரம். வேலையிடம் 30 மைல் தள்ளி இருந்தால் போகவர 60 மைல். ஆண்டுக்கு 240 நாள் என்றால் 14,400 மைல். பெட்ரோல், பழுது, காப்பீடு, தேய்மானம் அனைத்தும் சேர்த்துத் தொழில் பயணத்திற்கு அமெரிக்க வருமான வரித்துறை 2025ஆம் ஆண்டு அனுமதித்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். அந்த அளவில் ஒரு காருக்கு ஆண்டுக்கு 10,080 டாலர். முப்பது ஆண்டுக்கு 3,02,400. கடன் வட்டியை நெருங்கிவிட்டது! கணவன், மனைவி இருவரும் தனித்தனிக் காரில் அவ்வளவு தூரம் போனால் வட்டியையும் மிஞ்சும்.

அதே வீடு 10 மைல் தொலைவில் இருந்தால் இச்செலவு 3,360 டாலராகக் குறையும். மிச்சமாகும் 6,720 டாலரைத் தவணை, வரி, பராமரிப்பு ஆகியவற்றில் போட்டுப் பார்த்தால், அருகிலுள்ள வீடு 65,000 டாலர் வரை கூடுதல் விலையானாலும் கணக்கு சரிக்குச் சரி. தள்ளிப் போனால் மலிவு என்பது கொள்முதல் விலையை மட்டும் பார்ப்பவர் பேச்சு.

இயற்கைக்கு ஆகும் செலவு

மரத்தால் கட்டுவதே இயற்கைக்குக் கேடு என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையாகாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. வீடு நிற்கும்வரை அது காற்றில் கலப்பதில்லை. இரும்பு, சிமெண்டைவிட மரச்சட்டம் செய்ய எரிபொருளும் குறைவு. வெட்டிய இடத்தில் மீண்டும் காடு வளர்க்கப்பட வேண்டும் என்பதே முக்கியம். மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களின் வெள்ளைப் பைன் காடுகள் 19ஆம் நூற்றாண்டில் பெருமளவு வெட்டித் தீர்க்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

பெரும் கேடு வீட்டின் அளவிலும் இருப்பிடத்திலும் உள்ளது. 1950இல் அங்கே புது வீடு சராசரி 1,000 சதுர அடிக்கு உட்பட்டிருந்தது. 2015இல் அது 2,600 சதுர அடியைத் தாண்டியது. அத்தனை இடத்தையும் குளிர்காலத்தில் சூடாக்கி, கோடையில் குளிர வைக்க வேண்டும். மேற்சொன்ன காருக்கு, கேலனுக்கு 25 மைல் ஓடினால், ஆண்டுக்கு 576 கேலன், அதாவது 2,180 லிட்டர் பெட்ரோல் ஆகும். அதிலிருந்து வெளிவரும் கரியமில வாயு 5 டன்.

காட்டோரம் வரை புறநகர் நீண்டதால் தீ அபாயமும் கூடியது. கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 2018 நவம்பரில் 85 பேர் மாண்டனர். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதித் தீயில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இத்தகைய இடங்களில் காப்பீடு கிடைப்பதே கடினமாகிவிட்டது. காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது.

வரவுப் பக்கம்

பற்றை மட்டும் எழுதி வரவை விடுவது நியாயமாகாது. சொந்த வீடு இருந்தால் வாடகை மிச்சம். அங்கே 30 ஆண்டுக்கும் மாறாத வட்டி கிடைக்கும். சம்பளம் ஏற ஏறத் தவணை இலகுவாகும். கடன் முடியும்போது நிலம் கையில் நிற்கும். ஆனால் விலை ஏறியே தீரும் என்று எண்ண வேண்டாம். 2006க்குப் பின் அங்கே வீட்டு விலை சரிந்து, 2008இல் பெரும் வங்கிகளே ஆட்டம் கண்டன.

நாம் செய்ய வேண்டியது

முன்பணம் அனுப்புவதற்கு முன் பிள்ளைகளிடம் சில விவரங்களை எழுதி வாங்குங்கள். வேலையிடம் எத்தனை மைல்? வீட்டு வரி எவ்வளவு? காப்பீட்டுக்கு எழுத்து மூலம் விலை கிடைத்ததா? கூரையின் வயது என்ன? கரையானும் ஈரமும் தனி ஆய்வாளரால் சோதிக்கப்பட்டதா? தீ, வெள்ள அபாயம் உண்டா? இவ்வளவு பெரிய வீடு தேவையா? அதே பகுதியில் வாடகை என்ன?

நம் பக்கத்திலும் ஒரு வரி எழுத வேண்டும். கிடங்கை விற்றால் அதன் மாத வாடகை நின்றுபோகும். முதுமையில் நம் கைச்செலவுக்கு வரும் பணம் அது. அதையும் அந்த வீட்டின் அடக்கத்தில் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கணக்கு கட்டுப்படியானால், தாராளமாக விலை பேசலாம்.