புல்வெளி போனால் ஆவுளியாவும் போகும்

திருக்கை வலையில் ஆவுளியா என்னும் கடற்பசு சிக்கிவிட்டால் மீனவருக்கு இருப்பது சில நிமிட அவகாசம்தான். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டிய உயிர் அது. வலை கீழேயே பிடித்துக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். முன்பெல்லாம் சிக்கியது கறிக்குப் போகும். இன்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் வலையைக் கத்தியால் அறுத்து, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அந்த உடலை ஆழத்துப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு வனத்துறை பாராட்டும் பரிசுத்தொகையும் தருகிறது. ஆனாலும் வலை அறுந்த அன்றைக்கு மீன்பாடு கிடையாது. அது தெரிந்தும் அறுக்கிறார்களே, அந்த மனசுதான் இன்று ஆவுளியாவுக்குப் பெரிய காவல்.

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடல், நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட கணக்குப்படி நாட்டில் மிச்சமிருப்பவை சுமார் 240. இந்த எண்ணிக்கை சட்டென்று ஏறாது. பத்து வயதையொட்டித்தான் பருவமடையும்; ஓர் ஆண்டுக்கு மேல் சினை; ஈற்றுக்கு ஒரே கன்று; அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. தாய் ஒன்று செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

வலையில் தப்பியது எங்கே போய் மேயும்? என் கவலை அதில்தான். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும் விலங்கு இது. இலையை மட்டும் கடிப்பதில்லை. தடித்த மேலுதட்டால் மண்ணைக் கிளறி வேரோடு பிடுங்குகிறது. தண்ணீர் தெளிந்த நாளில் மேய்ந்த தடம் புல்லுக்கு நடுவே வளைந்து வளைந்து போவது தெரியும். குறுகலான அந்தத் தடத்தில் இருபுறத்து வேரும் ஓடிவந்து புல் மறுபடி மூடிக்கொள்ளும். அதே தரையில் விசைப்படகு இழுக்கும் இழுவைமடி வலை போனால் அதன் பலகையும் சங்கிலியும் புல்லை வாரிச் சுருட்டுகின்றன. கிளம்பும் சேறு பக்கத்துப் புல்லின்மேல் படிந்து வெயிலை மறைக்கிறது. உழுதுபோட்ட வயல்போலக் கிடக்கும் அந்த இடம் தேற ஆண்டுக்கணக்கில் ஆகிறது. கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கும் சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் இரவில் மடி கரைக்கு நெருங்கி வருகிறது என்பது நாட்டுப்படகுக்காரர்களின் ஓயாத புகார்.

விசைப்படகுக்காரர்களுக்கும் கடன் இருக்கிறது, டீசல் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது இதே புல்லில்தான். அதை வாரினால் அவர்களுடைய நாளைய பாடும் சேர்ந்தே போகும்.

வரைபடத்தில் எல்லை போட்டுவிட்டால் போதாது என்பதற்குச் சீனாவே சாட்சி. குவாங்சி மாநிலத்து ஹெபு கரையில் 1992-லேயே கடற்பசுவுக்குத் தேசியக் காப்பகம் அமைத்தார்கள். மீன்பிடியும் கடற்புல் அழிவும் ஓயவில்லை. சீனக் கடலில் இவ்வினம் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது என்று 2022-ல் வெளியான ஆய்வு சொன்னது. காப்பகம் இருந்தது, காக்கப்பட வேண்டியது இல்லாமல் போனது.

அந்த நிலை பாக் விரிகுடாவுக்கு வர வேண்டாம். புல்வெளிகளின் ஓரத்தில் மிதவை போட்டு எல்லை காட்டுங்கள். அதற்குள் இழுவைமடி வராமல் இரவிலும் காவல் இருக்கட்டும். ஆவுளியாவுக்காக அறுத்த வலைக்கு, அதன் முழு விலையை அந்த வாரமே மீனவர் கையில் கொடுங்கள். இவற்றைச் செய்தாலே ஆவுளியா பிழைத்துக்கொள்ளும்.