குளிர்காலையில் படகுப் பொறி

மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கம் கடற்கரையில் சதுரங்கப்பட்டினம், உய்யாலிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. முற்காலத்தில் துடுப்பும் பாயுமே இங்குக் கட்டுமரங்களைச் செலுத்தின. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், பைபர் படகு என மக்கள் வழங்கும் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் பெருகின. அவற்றுள் பலவற்றை டீசல் பொறிகளே செலுத்துகின்றன.

மார்கழி, தைத் திங்கள்களின் வைகறையில் இங்கு வெப்பம் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் அளவிற்குக் குறைவதுண்டு. அவ்வேளையில் சில பொறிகள் எளிதில் இயங்குவதில்லை. காலம் தாழ்ந்தால் மீன்படும் வேளை தவறும். அன்றைய வருவாயும் குன்றும். ஆதலின் இக்குறையின் காரணத்தை அறிதல் நலம்.

பொறி என்னும் சொல்லுக்கு இயந்திரம் என்றும் தீப்பொறி என்றும் இருபொருள் உண்டு. டீசல் பொறியோ தீப்பொறியின்றி இயங்கும் பொறியாகும். இதனை ஆக்கிய செருமானிய அறிஞர் ருடால்ஃப் டீசல், 1897ஆம் ஆண்டில் இதனை வெற்றியுற இயக்கிக் காட்டினார்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடேறும் என்பதே அதன் காரணம். டீசல் பொறியின் சிலிண்டருள் புகும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 20 பங்கில் ஒரு பங்காகச் சுருக்குகின்றது. அதனால் காற்றின் வெப்பம் 500 பாகைக்கு மேல் உயர்கின்றது. அதனுள் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது.

பொறி குளிர்ந்திருப்பின் சிலிண்டரின் சுவர் இவ்வெப்பத்தை உறிஞ்சும். எண்ணெய் தடித்திருத்தலாலும் பாட்டரியின் ஆற்றல் குன்றுதலாலும் பொறி மெல்லச் சுழலும். மெல்லச் சுழலவே, அழுத்தப்பட்ட காற்றும் வெப்பமும் வெளியேற இடமுண்டாகும். பனி உறையும் நாடுகளில் இதுவே பெருங்காரணமாகலாம். ஆனால் நம் கடற்கரையின் இளங்குளிர் நன்னிலையிலுள்ள பொறியைத் தடுக்க வல்லதன்று. இங்கு ஒரு பொறி காலையில் இயங்க மறுத்தால், முன்னரே அதில் குறை இருந்தது என்றும், குளிர் அதனை வெளிப்படுத்தியது என்றும் கொள்ளுதல் வேண்டும்.

குறையைக் காண்பதற்குப் புகையே வழிகாட்டி. சுழற்றும்போது புகையே தோன்றாவிடின், டீசல் சிலிண்டரை அடையவில்லை எனலாம். தொட்டியின் குழாய் திறந்துள்ளதா, பில்டர் அடைபட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். குழாயில் காற்றுப் புகுந்திருப்பின், காற்று நீக்கும் திருகைத் தளர்த்திக் குமிழியின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை இயக்கி, பின்னர்த் திருகை இறுக்குதல் வேண்டும். அடியில் தங்கிய நீரையும் வடித்துவிடல் வேண்டும்.

வெண்புகை வந்தும் பொறி இயங்காவிடின், டீசல் வருகின்றது, வெப்பமே போதவில்லை. விரைந்து சுழற்றுதல் இதற்கு முதல் மருந்து. கையால் சுழற்றும் சிறு பொறிகள் சிலவற்றில் அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்புகோல் உண்டு. அதனைத் தூக்கிச் சுழற்றி, விரைவு வந்தபின் விடுவர். பாட்டரி உள்ளதாயின் அதன் முனைகளில் படிந்த உப்பைத் துடைத்தல் வேண்டும். இவற்றாலும் பயனில்லையேல், பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்து காற்றுக் கசிவதாகக் கருதி, மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். ஈதரைத் தெளித்துப் பொறியை எழுப்ப முயல்வது தீங்காகும். அளவு மிகின் அது பொறியைச் சிதைத்துவிடும்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் உளது. அத்தகைய நிலையங்களில் மின்தடைக் காலத்திற்கெனக் காத்திருக்கும் டீசல் பொறிகளை, நொடிப்பொழுதில் இயங்கும் பொருட்டு வெதுவெதுப்பாகவே வைத்திருப்பர். படகுப் பொறிக்கு அவ்வசதி இல்லை. உரியவரின் கவனமே அதற்குக் காப்பு. கரையில் மறுத்த பொறியை எவ்வாறேனும் எழுப்பிக்கொண்டு கடலேகுதல் அறிவுடைமையன்று. வலையிழுக்க நிறுத்திய பொறி, காற்றும் அலையும் மிக்க இடத்தில் மீண்டும் மறுக்கக்கூடும். அங்கே அப்பொறியை நம்பியிருப்பவை மனித உயிர்கள்.