ஸ்டியரிங் பிடித்த கை, கணக்குக் கேட்டபோது

நாமக்கல் வட்டாரத்தில் லாரி பட்டறையில் ஏறாத குடும்பம் குறைவு. பாடி கட்டுகிறார்கள், கேஸ் டேங்கர் ஓட்டுகிறார்கள். பக்கத்தில் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போகின்றன. நிலம் இல்லாத அருந்ததியர் காலனிகளின் இளைஞர்களுக்கு இந்தத் தொழில் ஒரு வாசல். காட்டு வேலைக்குப் போன அப்பா, கூலி கொடுப்பவரைச் 'சாமி' என்று அழைத்தார். லாரி ஏறிய மகன் 'ஓனர்' என்கிறான்.

அப்படி ஏறிய ஓர் இளைஞருக்கு இப்போது 26 வயது. பெயர் வேண்டாம் என்றார். மூன்று வருடம் கிளீனராக இருந்து, ஹெவி லைசென்ஸ் எடுத்து, முதல் வண்டியில் டிரைவராகச் சேர்ந்தார். சேரும்போது 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். அக்கா கல்யாணத்துக்கு அது உதவியது. பதிலுக்கு ஓனர் ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, நகலைக் கொடுத்து அனுப்பினார்.

"ரோட்டுல யாரும் எந்தத் தெருன்னு கேக்கறதில்லீங்க. தாபாவுல எல்லாரும் ஒரே கட்டில்லதான் உக்காந்து சாப்புடறோம். ஷெட்டுக்குத் திரும்பி வந்தாத்தான் எனக்குத் தனி டம்ளர்" என்கிறார்.

ஆறாவது மாதம் பிரச்சினை வந்தது. அளவுக்கு மேல் லோடு ஏற்றி அனுப்பியதால் வண்டி மைலேஜ் தரவில்லை. டீசல் 40 லிட்டர் குறைகிறது என்று கணக்கில் பிடித்தார்கள். லோடு அதிகம், அதனால்தான் என்று இவர் எடைச்சீட்டைக் காட்டினார். "கணக்குக் கேக்கற அளவுக்கு வந்துட்டியா?" என்ற ஓனர், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். ஷெட்டில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டில் அப்பா, "வுட்டுரு தம்பி, ஊருல நாமதான் இருக்கோணும்" என்றார். உடன் படித்த நண்பன் புகார் கொடுக்கச் சொன்னான். மூத்த டிரைவர் ஒருவர், "முதல்ல கணக்கை முடி, லைசென்ஸைக் கையில வாங்கு" என்றார். இவர் மூன்றாவது யோசனையைக் கேட்டார். டிரிப் ஷீட், டீசல் பில், எடைச்சீட்டு எல்லாவற்றையும் வைத்து மூத்தவர் பேசினார். பாக்கிச் சம்பளத்தில் அட்வான்ஸ் கழிந்தது. லைசென்ஸ் திரும்பி வந்தது. திட்டியதற்குச் சாட்சி சொல்ல நான்கு பேரில் ஒருவரும் வரவில்லை. இவரும் புகார் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் அதே ஷெட்டில் இன்னொரு காலனிப் பையனுக்கு அதே வசவு விழுந்ததாகக் கேள்விப்பட்டார். "அன்னைக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தா, இவனுக்கு அது நடந்திருக்காதுன்னு தோணுது" என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசவில்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் மாணவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20 வயது நிறையாமல் போக்குவரத்து வாகனம் ஓட்டச் சட்டம் இடம் தராது. அதற்கான பழகுநர் உரிமம் எடுக்கவே, இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதிக பாரத்துக்கு 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். வழியில் பிடிபட்டு நிற்பவர் டிரைவர்தான். எனவே எடைச்சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. உரிமம் ஓட்டுநருடையது, அடமானப் பொருள் அல்ல. அட்வான்ஸைக் காட்டி வேலையை விட்டுப் போகவிடாமல் தடுத்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் ஆட்சியரிடம் முறையிடலாம்.

பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாக்கியது. விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. யார் யார் நின்றார்கள், எத்தனை மணி, என்ன வார்த்தை என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். தேசிய உதவி எண் 14566.

இப்போது அந்த இளைஞர் கேஸ் டேங்கர் ஓட்டுகிறார். அபாயகரமான சரக்கு ஓட்ட, இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். "பத்தாவதை முடிச்சது இதுக்கு உதவுச்சு" என்கிறார். சம்பளம் வங்கியில் விழுகிறது, பேட்டா தனி. அட்வான்ஸ் வாங்கவில்லை.

தாட்கோ மூலம் மானியக் கடனில் சொந்த வண்டி எடுக்கச் சிலர் சொல்கிறார்கள். அவர் அவசரப்படவில்லை. "லோடு கொடுக்கற ஆளு நாலு பேரைப் புடிக்காம வண்டி எடுத்தா, தவணைக்கே ஓடோணும். இன்னும் ரெண்டு வருசம் ஆகட்டும்" என்கிறார்.

தன் வண்டி வந்தால் ஷெட்டில் ஒரே மாதிரி டம்ளர்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் விடிகாலை லோடுக்குப் போக வேண்டியிருந்தது.